சாம்பல் நிறம் என்று நான் வாங்கிய நூல்

செப்டம்பர் 4, புதன்

பெண்கள் சங்கக் கூட்டம். சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா பெனினாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஈரோட்டுக்காரி. போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, சபைக்குக் காசு சேர்க்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நாமெல்லாம் சேர்ந்து ஒரு குயில்ட் தைக்கலாம் என்றாள்.

"குயிலையா? அத எதுக்கும்மா தைக்கது? பாவமில்லியா?" என்றாள் லில்லிபுஷ்பம்.

துண்டுத் துணிகளை ஒட்டி ஒட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைக்கும் போர்வை என்று பாஸ்டரம்மா விளக்கினாள். நாகர்கோவில் புழுக்கத்தில் பஞ்சுப் போர்வையைத் தேடுகிறவனுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும், அல்லது புத்தி இருக்கக் கூடாது. ஆனால் எங்கள் ஏலத்தில் அதெல்லாம் பார்ப்பதில்லை. போன வருடம் ஒரே பலாச்சக்கையை நாலு பேர் மாறி மாறி ஏலம் எடுத்து, கடைசியில் அது அழுகிப்போய் ஆண்டவருக்கு மகிமையாயிற்று.

நான் ஓய்வுபெற்ற தையல் டீச்சர். ஆகவே நூல் எடுக்கும் பொறுப்பு எனக்கு. லில்லிபுஷ்பத்தின் முகம் போன போக்கைப் பார்க்க ஆசையாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை.

வீட்டில் மைனியிடம் சொன்னேன். நான் செத்தபிறகு இந்த டைரியை யாராவது படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்: மைனி என்பது என் அண்ணன் ராஜரெத்தினத்தின் மனைவி ஞானசீலி. அண்ணன் போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணம் என்ற வம்பில் நான் மாட்டவில்லை, அவர் மாட்டினார். முடிவில் இரண்டு பேருக்கும் ஒரே மீன்கறி.

"நூலா? நீயா எடுக்கப் போற?" என்று இழுத்தார். அந்த இழுவை எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த டைரியை இன்சூரன்ஸ் ஏஜெண்டு தந்தார். கோடுகளை இத்தனை மங்கலாக அச்சடிப்பவன் போடும் இன்சூரன்ஸ் எப்படி இருக்குமோ.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நூல் சண்டை.

லில்லிபுஷ்பம் ஒரு பெட்டி நூல் கொண்டுவந்தாள். துபாயிலிருக்கும் மகன் அனுப்பியதாம். எல்லாம் பாலியஸ்டர், கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி மினுங்கியது.

"வலுவான நூலாக்கும் டீச்சர். இழுத்தாலும் அறாது."

"அறாததுதான் கொழப்பம்" என்றேன். பழைய பழக்கம், எழுந்து நின்று வகுப்பே எடுத்துவிட்டேன். துணி பருத்தி என்றால் நூலும் பருத்தியாக இருக்க வேண்டும். போர்வை என்றால் பிடித்து இழுப்பார்கள், துவைப்பார்கள், முறுக்கிப் பிழிவார்கள். அப்போது துணி, நூல் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் அறுந்தால் அரை மணி நேரத்தில் திரும்பத் தைக்கலாம். நூல் அடம்பிடித்தால் அது ரம்பம்போல் துணியை அறுக்கும். துணி போனால் போனதுதான். அதோடு நூல் மெலிதாகவும் இருக்க வேண்டும். தடித்த நூல் ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் இடம் தின்னும். நாற்பது துண்டு ஒட்டி முடிப்பதற்குள் ஒரு வரிசை இன்னொரு வரிசையைவிட இரண்டு விரல் குட்டையாகிவிடும்.

லில்லிபுஷ்பம் மசியவில்லை. "மகன் அனுப்பினதுல பருத்தியும் உண்டும்" என்றாள். அதையும் பார்த்துவிடுவோம் என்று தீப்பெட்டி கேட்டேன். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் குமிழாகும். அவளுடைய நூல் ஒவ்வொன்றும் குமிழாகிற்று. ஒரு குமிழ் ஹாலில் கிடந்த வெள்ளை மேசைவிரிப்பில் சொட்டி ஓட்டையும் போட்டது. வாசனை பிடித்துக்கொண்டு பாஸ்டர் ஓடிவந்தார். சபை உபதேசியாரும் ஒரு வாளித் தண்ணீருடன் வந்தார்.

முடிவு: பருத்தி நூல். நிறம் சாம்பல். பல நிறத் துண்டுகளை ஒட்டும்போது ஒவ்வொன்றுக்கும் நூல் மாற்ற முடியாது. சாம்பல் எந்த நிறத்தோடும் சண்டைக்குப் போகாது. லில்லிபுஷ்பத்துக்கு நேர்மாறு.

செப்டம்பர் 10

வடசேரியில் கோலப்பனின் நூல் கடைக்குப் போனோம். ஸ்கூட்டரை நான் ஓட்ட, மைனி பின்னால்.

மைனி இப்போதெல்லாம் பெரிய வாயாடி ஆகிவிட்டார். அண்ணன் இருந்த காலத்தில் நாளுக்கு நாலு வார்த்தை பேசுவார். இப்போது ஸ்கூட்டரில் ஏறினால் இறங்கும்வரை ஓயாத பேச்சு. "முன்னால பஸ்ஸு நிக்கி. வலப்பக்கம் குழி. ஆடு ஒண்ணு குறுக்க வருது பிள்ளே. லைட்டு செவப்பு." ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்பதுபோல் இருக்கிறது.

கோலப்பன் ஒரு தட்டு நிறைய ரீல்களை எடுத்து வைத்தார். எனக்கு வேண்டியதை நான் எடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிலும் பார்த்தேன். மழைக்கு முந்தின வானம் மாதிரி, நல்ல சாம்பல்.

"டீச்சர், சாம்பல் இந்தப் பக்கமாக்கும் இருக்கு. நீங்க எடுத்தது வந்து..."

"கோலப்பா, ஆயுசு பூரா நூலோட குடித்தனம் நடத்தினவ நான். எனக்கு சாம்பல் தெரியாதா?"

அவர் மைனியைப் பார்த்தார். மைனி கடையின் கூரையைப் பார்த்தார். கோலப்பன் பொட்டலம் கட்டினார். அவருக்கும் வயதாகிறது.

செப்டம்பர் 11

ரீல்களைப் பங்கு வைத்தேன். எல்லாரும் ரீலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மரியாதை இன்னும் செத்துவிடவில்லை.

செப்டம்பர் 13

ஊசி செய்கிறவன் காது வைக்க மறந்துவிட்டு விற்கிறான்.

செப்டம்பர் 17

இரண்டு வரிசை முடித்தேன். இந்த மெஷின் வயதாகி வலப்பக்கம் இழுக்கிறது. தையல் நேராக ஓட மறுக்கிறது.

மைனிக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. காலையில் நான் எழுந்து வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்துப் பஞ்சு உருண்டையில் குத்தி வைத்துவிடுகிறார். "எதுக்கு மைனி?" என்றால், "சும்மாதான்" என்கிறார். குழம்பில் உப்புப் பார்க்கச் சொன்னால் மறக்கிறவர்.

கண் ஆஸ்பத்திரி விளம்பரம் ஒன்றை நாற்காலியில் விட்டு வைத்திருந்தார். அதை மடித்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். இப்போது மேசை ஆடவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

கைவலியோடு எழுதுகிறேன். இடது மணிக்கட்டு. எழுதுவது வலது கை என்பதால் பாதகமில்லை.

மாலை ஹாலில் எல்லாரும் தங்கள் தங்கள் வரிசைகளைக் கொண்டுவந்து பரப்பினார்கள். லில்லிபுஷ்பம் என்னுடைய வரிசையைத் தூக்கி டியூப்லைட்டில் காட்டினாள். மஞ்சள் துண்டும் வெள்ளைத் துண்டும் சேர்கிற இடம்.

"டீச்சர், கோவப்படப்பிடாது. இது சாம்பலு இல்ல. கத்திரிப்பூ கலராக்கும்."

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எனக்கில்ல டீச்சர்" என்றாள்.

நான் பாஸ்டரம்மாவைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க."

"அழகாத்தானுங்க டீச்சர் இருக்குது..."

"அழகு கேக்கல. நெறம் என்ன?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஊதாங்க" என்றாள்.

மைனியைப் பார்த்தேன். மைனி எழுந்து என் பக்கம் வந்தார். அவரும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அதற்குமுன் வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். பின்னால் "குளோரி, நில்லு பிள்ளே" என்று கத்தியது கேட்டது. நிற்கவில்லை.

மழை தூறி இருட்டிக்கொண்டு வந்தது. குளத்தங்கரை ரோட்டில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள், பளபளவென்று. அதன்மேல் ஓட்டினேன். தார் எழுந்து நின்றது.

எருமை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. நான் ஸ்கூட்டரோடு சரிந்து சேற்றில் கிடந்தேன். எருமைக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு அம்மா சாக்கு விரித்து மரச்சீனிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை. அவள்தான் ஓடிவந்து என்னைத் தூக்கினாள். "கண்ணு தெரியலியாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

அந்தக் குழந்தையைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 24

ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. மைனியிடம் கேட்டேன். இடுப்பில் செருகியிருந்ததைக் காட்டினார்.

"தாங்க மைனி."

"தரமாட்டேன்."

"என் வண்டியாக்கும்."

"வண்டி ஒனக்க வண்டிதான். ஆனா ரெண்டு வருசமா ஓட்டுகது நானாக்கும். நீ ஹேண்டில் பிடிச்சிட்டு இருந்த, அவ்வளவுதான்."

அதோடு விடவில்லை. "பஸ்ஸு, ஆடு, குழின்னு நான் சொல்லாம இருந்தா நீ எப்பவோ பரலோகத்துக்குப் பறந்திருப்ப. ஒருநாளு நான் கூட இல்ல, எருமைல போயி ஏறியாச்சு. நாளைக்கு யாரு மேலே?"

"அப்ப முன்னமே சொல்ல வேண்டியதுதான?"

"எத்தன மட்டம் சொல்ல? ஆஸ்பத்திரின்னு வாயத் தொறந்தா நீ சாமான் கழுவப் போயிருவ."

அது உண்மைதான். நான் சாமான் கழுவப் போனேன்.

அங்கேயும் வந்து நின்றார். இதையும் எழுதி வைக்கிறேன். அண்ணன் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனார். சாதாரண ஆபரேஷன், மத்தியானம் வந்துவிடுவேன், நெத்திலி வாங்கி வை என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வரவில்லை. அந்த வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் நானும் மைனியும் இருந்தோம். அதற்குப்பிறகு எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் நான் கால் வைத்ததில்லை. பல்வலிக்குக்கூடக் கிராம்புதான்.

"செத்தது எனக்க மாப்பிள" என்றார் மைனி. "ஆஸ்பத்திரியப் பாத்துப் பயப்பட வேண்டியது நானாக்கும். நானே வாறேன்னு சொல்லுதேன். ஒனக்கு என்ன நோக்காடு?"

கழுவின தட்டையே திரும்பவும் கழுவினேன். பிறகு சரி என்றேன்.

அக்டோபர் 1

கண் டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மாணவிகளில் ஒருத்தி மாதிரி இருந்தாள், அதனால் மிரட்டிப் பார்த்தேன். பயப்படவில்லை.

சுவரில் எழுத்துப் பலகை. முதல் எழுத்தைக் கம்பீரமாகப் படித்தேன். அதற்குக் கீழே எறும்புகள் ஊர்ந்தன.

"ரெண்டு கண்ணுலயும் புரை, நல்லா முத்திருச்சு. இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?"

நான் மைனியைக் கைகாட்டினேன்.

புரை முற்றினால் கண்ணுக்கு உள்ளே மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரியாம். நீலமும் ஊதாவும் செத்துப்போய்ச் சாம்பலாகத் தெரியுமாம். கோலப்பனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். லில்லிபுஷ்பத்திடமும் என்று மனசாட்சி சொல்கிறது. மனசாட்சிக்கு வேறு வேலை இல்லை.

முதலில் இடது கண். ஒரு மாதம் கழித்து வலது.

அக்டோபர் 7

நாளைக்கு ஆபரேஷன். பயம் ஒன்றும் இல்லை.

பீரோ சாவி அரிசிப் பானையில். தையல் மெஷின் சங்கத்துக்கு. லில்லிபுஷ்பம் அதைத் தொடக் கூடாது. அடக்கத்தில் பாட்டு நாலுக்கு மேல் வேண்டாம், வெயில் நேரமாக இருந்தால் இரண்டு. பயம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8 (மைனியின் கையெழுத்து)

குளோரிபாய் சொல்லச் சொல்ல எழுதுவது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு தலைவலிகூட இல்லை. உள்ளே விளக்குகள் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் தெரிந்தன. டாக்டர் பேசச் சொன்னால் பேசியிருப்பேன், பேசாதே என்று சொல்லிவிட்டாள். தைரியமாகப் படுத்திருந்தேன்.

எழுதுகிறவள் சொல்வது: இதில் பாதி பொய். நர்ஸம்மா கையை விடவே மாட்டேன் என்று பிடித்திருந்தாளாம், நகம் பதிந்ததை அந்தப் பிள்ளை எனக்குக் காட்டினாள். இப்படிக்கு ஞானசீலி.

அக்டோபர் 9

கட்டுப் பிரித்தார்கள்.

டாக்டரின் சேலை நீலம். இப்படி ஒரு நீலம் உலகத்தில் இருப்பதை மறந்தே போயிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் குடம் கிடந்தது, அதைப் பார்த்து அழுதேன். சொட்டு மருந்தினால் வந்த தண்ணீர் என்று நர்ஸிடம் சொன்னேன்.

மைனியைப் பார்த்தேன். தலை முழுவதும் வெள்ளை.

"எப்ப மைனி இப்பிடி நரச்சுது?"

"நரச்சு வருசம் ரெண்டாச்சு. நீ ஒண்ணும் சொல்லல. சரி, வயசு தெரியாம இருக்கேன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்தால் மூலைக்கு மூலை ஒட்டடை. இரண்டு பெண்கள் இருக்கும் வீடு என்று சொன்னால் சிலந்திகூட நம்பாது. குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஆகவே சும்மா இருந்து குறை சொன்னேன். மைனி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

கடைசியில் அந்த ரீலை எடுத்துப் பார்த்தேன். கத்திரிப்பூ. சந்தேகமே இல்லை. கத்திரிச் செடியே வெட்கப்படும்.

அக்டோபர் 16

லில்லிபுஷ்பம் வந்தாள். கையில் ஒரு சீப்புப் பழம், கக்கத்து இடுக்கில் ஒரு பெரிய மூட்டை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் சாய்வு நாற்காலியில் வில்லன் மாதிரி இருந்தேன்.

மூட்டையை அவிழ்த்தாள். போர்வையின் மேல்பாகம் முழுசாக ஒட்டி முடிந்திருந்தது. என் வரிசைகள் எவை என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாத் தையலும் ஊதா, எல்லாத் தையலும் நேராக இருந்தது.

"நீங்க தந்த ரீலு பத்தல, கோலப்பங் கடைல இன்னும் கெடந்தத எல்லாரும் போயி வாங்கிட்டோம்" என்றாள். "ஒருத்தருக்கு ஊதா, இன்னொருத்தருக்கு சாம்பல்னா நல்லாவா இருக்கும்? அதுவும் சாம்பல்ல தச்சா எழவு வீட்டுப் போர்வ மாதிரி இருக்கும் டீச்சர்."

"என் வரிசை?"

அவள் பழத்தை உரித்தாள். "கொஞ்சம் கோணலா ஓடியிருந்து. நான்தான் பிரிச்சுத் தச்சேன். கோவமா?"

அவளா, என்னுடைய தையலையா! வாய்வரை வந்துவிட்டது. ஒரு இடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கிட்டப் பிடித்தும் பார்த்தேன். பிரித்த இடத்தில் துணிக்கு ஒரு கீறல் இல்லை, ஒரு ஓட்டை இல்லை.

"பருத்தி நூலுங்கதனால பிரிக்க சுளுவா இருந்து" என்றாள் அவளாகவே. "அங்கங்க பட்டுபட்டுன்னு நூலுதான் அத்துச்சு, துணி தப்பிச்சுது. எனக்க துபாய் நூலா இருந்தா துணியும் கூடவே வந்திருக்கும். அது நீங்க சொன்னது சரி."

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "நீ நல்லாத் தச்சிருக்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. கொஞ்ச நேரம் பாஸ்டரம்மா சமைக்கும் ஈரோட்டுக் குழம்பைப் பற்றிக் குறை பேசிச் சரிசெய்துகொண்டோம்.

அக்டோபர் 27

போர்வைக்குள் பஞ்சு வைத்தார்கள். நான் மேற்பார்வை. பஞ்சு மூக்கில் ஏறித் தும்மினால் கண்ணுக்கு ஆகாது என்று என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். வாசலிலிருந்தே கத்தினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஸ்கூட்டரில்தான் போனோம். டாக்டர் இன்னும் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருப்பதால் பாஸ்டரம்மா ஓட்டினாள், நான் பின்னால். மைனி ஆட்டோவில். பாஸ்டரம்மா ஓட்டுவதைப் பார்த்தால் எருமையே தேவலை.

ஏலத்தில் முதலில் கோழி, பிறகு வாழைக்குலை, பிறகு உபதேசியாரின் மனைவி சுட்ட கேக். கேக்கை யாரும் கேட்கவில்லை, கடைசியில் பாஸ்டரே அதை எடுத்துத் தியாகம் செய்தார். போர்வையைப் பிடித்து விரித்தபோது பின்வரிசைகூட எழுந்து நின்று பார்த்தது. மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை எல்லாத் துண்டுகளையும் சுற்றி மெல்லிய ஊதாக் கோடு. தையல் வெளியே தெரியக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அங்கங்கே தெரிந்தது, நன்றாகவும் இருந்தது. இதை நான் டைரிக்கு வெளியே ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ரப்பர் தோட்டக்காரரும் பேக்கரிக்காரரும் முட்டிக்கொண்டார்கள். மூன்றாவதாகப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கோலப்பன்! கோயிலுக்குப் போகிற மனுஷன், வேட்டியும் சந்தனமுமாக வந்து நிற்கிறார். அவரே எடுத்தார்.

"உமக்கு எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"கடைல மாட்டப் போறேன் டீச்சர். அந்த ஊதா ரீலு எட்டு வருசமா விக்காமக் கெடந்தது. நீங்க கைவச்சீங்க, பொறவு ஒரே மாசத்துல காலி. இப்ப ஜனங்க அத கேட்டு வருது."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், "அடுத்த மட்டம் பச்ச எடுங்க டீச்சர், அதுவும் ரொம்பக் கெடக்கு" என்றார். மன்னிப்பை விழுங்கிவிட்டேன்.

நவம்பர் 11

நாளைக்கு வலது கண்.

பயமாக இருக்கிறது. போன தடவையும் இருந்தது.

மத்தியானம் மைனி மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றுகொண்டு இதை வாய்விட்டே சொன்னேன். மைனி கையை நிறுத்தவில்லை.

"எனக்கும்தான் பிள்ளே" என்றார். "போன மட்டம் ஒன்ன உள்ள கொண்டு போனதும் நான் வராந்தால மூணு வாட்டி வாந்தி எடுத்தேன். கூட்டிப் பெருக்கிற பிள்ளதான் பிடிச்சு இருத்துச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீ கேக்கவே இல்லியே."

செதில் தெறித்து அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

நேரே போய் லில்லிபுஷ்பத்துக்குப் போன் போட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்றேன். எனக்கல்ல, மைனிகூட இருக்க என்றேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிகாலையிலேயே வந்துவிடுவாளாம், பிளாஸ்கில் காப்பியும் கொண்டுவருவாளாம். மகன் துபாயில் வாங்கிய காரைப் பற்றி முதல் நிமிஷத்தில் தொடங்கினால் நான் வெளியே வரும்வரை நிறுத்த மாட்டாள். மைனிக்கு வாந்தி எடுக்கக்கூட நேரம் இருக்காது.